கண்ணாடிக்குள் ஒரு குளம்

நுழையும்முன்

புதிய மீன்தொட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. அன்றே நீர் நிரப்பப்படுகிறது. அன்றே மீன்களும் விடப்படுகின்றன. ஐந்தாறு நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்குகின்றன. நீரோ கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. உணவும் வேளை தவறாமல் இடப்பட்டிருக்கிறது. அவ்வாறாயின் மீன்கள் இறந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே மீன்தொட்டி அமைக்கத் தொடங்குதல் வேண்டும். அவ்விடையையும், ஒரு சிறிய வீட்டுக்கேற்ற தொட்டியை அளந்து கட்டும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

கண்ணாடித் தொட்டியின் வரலாறு

கண்ணாடித் தொட்டி முதலில் ஆய்வுக் கருவியாகவே பிறந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ழான் வில்பிரூ பவர் என்னும் பெண்மணி, இளமையில் ஆடை தைக்கும் தொழில் செய்தவர். திருமணத்திற்குப் பின் இத்தாலியின் சிசிலித் தீவில் குடியேறினார். அங்கே கடலில் வாழும் ஆர்கோநாட் என்னும் உயிரியை உயிருடன் வைத்து ஆராய விரும்பிய அவர், 1832-ஆம் ஆண்டில் கண்ணாடித் தொட்டிகளை உருவாக்கினார். அவ்வுயிரி தன் ஓட்டைப் பிற உயிரியிடமிருந்து பெறுகிறதா, தானே உண்டாக்குகிறதா என்னும் நெடுநாள் ஐயம் அத்தொட்டிகளின் துணையால் தீர்ந்தது. ஓட்டை அது தானே உண்டாக்குகிறது என்பதை அவர் மெய்ப்பித்தார்.

இலண்டனைச் சேர்ந்த இராபர்ட் வாரிங்டன் ஒரு வேதியியலாளர். அவர் ஒரு கண்ணாடிக் கலத்தில் நீர் நிரப்பி, வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். தாவரம் உயிர்வளியைத் தந்தது; ஆனால் அதன் பழுத்த இலைகள் அழுகியதால் நீர் கெட்டது. குளத்து நத்தைகளைச் சேர்த்தபின் அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீரும் தெளிந்தது. மீன், தாவரம், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று காத்தன. இம்முடிவை அவர் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1853-இல், இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

இந்தியாவில் 1909-ஆம் ஆண்டிலேயே சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் ஒன்று தோன்றியது. மும்பை மெரின் டிரைவில் அமைந்த தாராபோர்வாலா மீன் காட்சியகத்தை 1951-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்து வைத்தார். இன்று வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்று சென்னையின் கொளத்தூர். அங்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பல குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டிகளில் வண்ணமீன் வளர்ப்பதைத் தொழிலாகவே செய்து வருகின்றன.

இடத்தை அளத்தல்

மான்குர்த்தின் மறுவாழ்வுக் குடியிருப்புகளில் பல வீடுகள் 225 சதுர அடிப் பரப்பே உடையவை. அவ்வீடுகளில் ஒவ்வொரு சாண் இடமும் கணக்கில் வரும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் எஞ்சிய மூலை எவ்வளவோ, தொட்டியும் அவ்வளவே இருத்தல் இயலும். கடையில் விற்கும் ஆயத்தத் தொட்டி அம்மூலைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே, முதலில் வாங்க வேண்டியது கண்ணாடியன்று. ஓர் அளவு நாடா.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடைய இடம் கிடைத்தது எனக் கொள்வோம். அங்கே நான்கு செய்திகளைப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, வெயில். சன்னல் வழியே நேர்வெயில் விழும் இடத்தில் பாசி மிகுதியாகப் படரும், நீரும் சூடேறும். வெயில் விழாத இடமே ஏற்றது.

இரண்டாவது, எடை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும் தொட்டியில் நீர், மணல், கண்ணாடி ஆகியவற்றைச் சேர்த்தால் 70 கிலோகிராமுக்கு மேல் ஆகும். வளர்ந்த மனிதர் ஒருவர் இரவும் பகலும் அவ்விடத்திலேயே நிற்பதற்கு இஃது ஒப்பாகும். எனவே, மெல்லிய பலகை அலமாரி இதனைத் தாங்காது. சுவரையொட்டி நிற்கும் உறுதியான இரும்புச் சட்டமே தக்கது.

மூன்றாவது, மட்டம். கொத்தனார் பயன்படுத்தும் இரசமட்டத்தைச் சட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நீரின் எடை அப்பக்கத்தை மிகுதியாக அழுத்தும். நாளடைவில் கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

நான்காவது, மின்சாரம். மின்கம்பி தொட்டியிலிருந்து நேராக மின்செருகிக்குச் செல்லலாகாது. இடையில் அது சற்றுக் கீழே தொங்கி, பின் மேலேறிச் செல்லுதல் வேண்டும். கம்பியில் வழியும் நீர் அத்தொங்கலிலேயே சொட்டிவிடும், மின்செருகியை அடையாது.

ஐந்து கண்ணாடிகள்

தொட்டிக்கு ஐந்து கண்ணாடிப் பலகைகள் தேவை. கண்ணாடியின் கனம் 6 மில்லிமீட்டர், அஃதாவது 0.6 சென்டிமீட்டர். அடிப்பலகையின்மேல் மற்ற நான்கும் நிற்கும்படி அமைத்தால் அளவுகள் பின்வருமாறு அமையும்.

அடிப்பலகை: 60 × 30 சென்டிமீட்டர் (ஒன்று)
முன்பலகை, பின்பலகை: 60 × 35 சென்டிமீட்டர் (இரண்டு)
பக்கப் பலகை: 28.8 × 35 சென்டிமீட்டர் (இரண்டு)

பக்கப் பலகையின் அகலம் 30 சென்டிமீட்டராக இல்லாமல் 28.8 ஆகக் குறைந்தது ஏன்? பக்கப் பலகைகள் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் நிற்கின்றன. அவ்விரண்டின் கனமும் சேர்ந்து 1.2 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. இதனை எண்ணிப் பாராமல் 30 சென்டிமீட்டர் என்று வெட்டச் சொன்னால் பக்கப் பலகை அடிப்பலகைக்கு வெளியே துருத்தி நிற்கும். ஆகவே, கடைக்குச் செல்லும் முன் அளவுகளைத் தாளில் வரைந்து, அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்ப்பது நலம். பிழையாக வெட்டிய அட்டையை எறிந்துவிடலாம். கண்ணாடியை மீண்டும் ஒட்ட இயலாது.

கண்ணாடியைக் கடைக்காரரே வெட்டித் தருவார். விளிம்புகளைத் தேய்த்து மழுக்கித் தரும்படி கேட்டல் வேண்டும். ஒட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்ய, சிறுவர்கள் அளப்பதிலும் துடைப்பதிலும் துணை நிற்கலாம். மீன்தொட்டிக்கென விற்கப்படும் சிலிக்கோன் பசையையே வாங்குதல் வேண்டும். குளியலறைக்குரிய சிலவகைப் பசைகளில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு.

விளிம்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பசையை இடைவிடாத கோடாக இட்டு, பலகைகளை நிறுத்தி, ஒட்டுநாடாவால் பிடித்துவைக்க வேண்டும். பசை உலரும்போது புளிக்காடியின் மணம் எழும். அம்மணம் முற்றிலும் நீங்கும்வரை, ஒரு வாரமேனும், தொட்டியை அசைத்தல் கூடாது.

இவ்வளவு பொறுமை எதற்கு? நீர் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிரம்பிய இத்தொட்டியில், முன்பலகையை மட்டும் நீர் ஏறத்தாழ 26 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அவ்விசையை ஓயாமல் தடுத்து நிற்பது ஒரு மெல்லிய பசைக்கோடே ஆகும். ஆதலால், பசை உலர்ந்தபின் தொட்டியைக் குளியலறையிலோ முற்றத்திலோ வைத்து, நீர் நிரப்பி, இரண்டு நாள்கள் கசிவு பார்க்க வேண்டும். பின்னரே அதனைச் சட்டத்தின்மேல் ஏற்றுதல் வேண்டும். சட்டத்திற்கும் தொட்டிக்கும் இடையில் தெர்மாகோல் அட்டை ஒன்றை விரித்தால், சிறு மேடு பள்ளங்களால் கண்ணாடி உடையாது.

குழாய்நீரும் குளத்துநீரும்

மும்பையின் குழாய்நீர் பாட்சா, தான்சா, விகார், துளசி முதலிய ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. மக்கள் குடிப்பதற்காக அந்நீரில் குளோரின் சேர்க்கப்படுகிறது. நோய்க்கிருமிகளைக் கொல்லும் குளோரின் மீனின் செவுள்களையும் புண்படுத்தும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் நீரைத் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் காற்றில் கலந்துவிடும். குளோரினை நீக்கும் மருந்தும் மீன் கடைகளில் கிடைக்கும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் குழாய்நீர் வரும் வீடுகளில் பீப்பாய்களில் நீரைப் பிடித்துவைப்பது வழக்கம். அவ்வழக்கம் மீன் வளர்ப்புக்கு நன்மையாகவே அமைகிறது.

கழுவிய ஆற்றுமணலை 5 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்பி, வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற நீர்த்தாவரங்களை நட்டு, நீர் நிரப்ப வேண்டும். காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்றையும் பொருத்த வேண்டும். இப்போது தொட்டி நிறைந்துவிட்டது, நீரும் தெளிந்திருக்கிறது. ஆயினும், மீனை விடும் காலம் இன்னும் வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

பாடத்தின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. மீன்கள் மூச்சுவிடும்போதே செவுள்களின் வழியாக அம்மோனியா என்னும் கழிவை வெளியேற்றுகின்றன. உண்ணாமல் விட்ட உணவு அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். அது நிறமற்றது, நீரில் கரைந்து கிடப்பது கண்ணுக்குப் புலப்படாது. சிறிதளவு அம்மோனியாவே மீனின் செவுள்களை எரித்துவிடும். ஆகவே, தெளிந்த நீர் வேறு. தூய நீர் வேறு. புதுத்தொட்டியில் இறந்த மீன்கள் தெளிந்த நஞ்சில் நீந்தியவை.

ஆறு, குளம், கழி ஆகியவற்றில் இந்நஞ்சு தங்குவதில்லை. மான்குர்த்தைக் கடந்து வாசிக்குச் செல்லும் இரயில், தாணே கழியின்மேல் பாலத்தில் ஓடுகிறது. அக்கழியின் சேற்றில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை கழிவுகளைச் சிதைத்துப் பாசிகளுக்கு உணவாக்குகின்றன. அப்பாசிகளையும் சேற்றில் வாழும் சிற்றுயிர்களையும் தேடியே ஆண்டுதோறும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் அங்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களில் தொடங்கும் உணவுச் சங்கிலி, இரயிலிலிருந்து காணும் செந்நிறப் பறவைக் கூட்டத்தில் வந்து முடிகிறது.

மீன்தொட்டிக்கும் அத்தகைய நுண்ணுயிர்கள் தேவை. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்குத் தீங்கானதே. அது குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். மற்றொரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. அதனைத் தாவரங்கள் உரமாக உறிஞ்சிக்கொள்ளும். இந்தத் தொடர்நிகழ்வு நைட்ரசன் சுழற்சியின் ஒரு பகுதி.

இப்பாக்டீரியாக்கள் புதுத்தொட்டியில் போதிய அளவில் இல்லை. அவை பெருகி, மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டுவர வேண்டும். அது அழுகி உண்டாகும் அம்மோனியாவே பாக்டீரியாக்களுக்கு உணவு. நன்கு நடந்துவரும் பழைய தொட்டியிலிருந்து ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைப் பெற்று வைத்தால் இக்காலம் குறையும். கடையில் கிடைக்கும் சோதனைத் துளிமருந்தால் நீரை ஆராய்ந்து, நாள்காட்டியில் குறித்துவர வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும். பின்னர் அது குறைய, நைட்ரைட் ஏறும். இறுதியில் இரண்டும் சுழியம் ஆகும். அந்நாளே மீனை வரவேற்கும் நாள்.

மீன்களின் வரவு

எத்தனை மீன்கள், எவ்வகை மீன்கள் என்பதைத் தொட்டியின் அளவே முடிவுசெய்யும். பொன்மீன் ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடியது. பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். அதற்கு இத்தொட்டி போதாது. கடையில் காணும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமோ சிறிதும் போதாது. ஸீப்ரா டேனியோ 4 சென்டிமீட்டர் அளவே வளரும் இந்திய மீன். கங்கை, பிரமபுத்திரா ஆற்றுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. கூட்டமாக வாழும் இயல்புடையதாதலால் ஆறு மீன்களேனும் சேர்ந்திருத்தல் வேண்டும். கப்பி மீனும் இத்தொட்டிக்கு ஏற்றதே. ஆனால், அது முட்டையிடாமல் குட்டி ஈனும், விரைவில் பெருகும். ஆண் மீன்களை மட்டும் வளர்த்தால் நெரிசல் வாராது.

மீன்கள் வந்த பையை அவிழ்க்காமல் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்கவிட வேண்டும். இரு நீரின் வெப்பமும் ஒன்றானபின், தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, அதன்பின் மீன்களை வலையால் எடுத்து விட வேண்டும். முதல் வாரம் இரண்டு மூன்று மீன்களை விட்டு, நீரைச் சோதித்து, பின்னர் மற்றவற்றைச் சேர்ப்பது நலம்.

வாரந்தோறும் செய்ய வேண்டியவை

மீன்கள் இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே உணவு இடுதல் வேண்டும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீங்கிய புதுநீரை ஊற்ற வேண்டும். தொட்டி முழுவதையும் கவிழ்த்துக் கழுவுவது பெருந்தவறு. ஸ்பாஞ்சைக் குழாய்நீரில் அலசினால், அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் குளோரின் கொன்றுவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அதனை மெல்லப் பிழிந்தால் போதும். மீதமாகும் பழைய நீரில் நைட்ரேட் இருப்பதால் துளசிச் செடிக்கும் தொட்டிப் பூச்செடிக்கும் அது நல்ல உரமாகும்.

தொட்டிக்கு வெளியே

வளர்க்க இயலாமற்போன மீன்களை ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுவது இரக்கச் செயல்போல் தோன்றும். உண்மையில் அது தீங்காகும். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. வீட்டுத்தொட்டியில் பெரிதாக வளர்ந்தபின் வெளியே விடப்பட்ட அம்மீன்கள், சென்னையிலும் கேரளத்திலும் நன்னீர்நிலைகளில் பெருகிவிட்டன. அவை அங்குள்ள உள்ளூர் மீன்களின் இடத்தையும் உணவையும் பறித்துக்கொள்கின்றன; மீனவரின் வலைகளையும் கிழிக்கின்றன. தாணே கழியின் உவர்நீரிலோ பெரும்பாலான நன்னீர் மீன்கள் பிழைக்கமாட்டா. ஆகவே, வேண்டாத மீன்களைக் கடைக்காரரிடமோ மீன் வளர்க்கும் மற்றொருவரிடமோ ஒப்படைப்பதே முறை.

தெரிந்து தெளிவோம்

• தாணே கழியின் மேற்குப் பகுதி 2015-ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அது பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.
• பாசனத்திற்காக மழைநீரைத் தேக்கும் நீர்நிலையைத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் ஏரி என்பர். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாய் என்பர். திருநெல்வேலிப் பகுதியில் குளம் என்பர்.

சொல்லும் பொருளும்

உயிர்வளி – ஆக்சிசன்
செவுள் – மீனின் மூச்சு உறுப்பு
கழி – கடல்நீர் நிலத்தினுள் புகுந்து நிற்கும் நீர்ப்பரப்பு
உவர்நீர் – உப்புத்தன்மை உடைய நீர்
இரசமட்டம் – தளம் சமமாக உள்ளதா எனக் காட்டும் கருவி
சுழியம் – பூச்சியம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மீன் தன் செவுள்களின் வழியாக வெளியேற்றும் கழிவு ______.
2. நீர்த்தாவரங்கள் உரமாக உறிஞ்சுவது ______.
3. தாராபோர்வாலா மீன் காட்சியகம் திறக்கப்பட்ட ஆண்டு ______.

ஆ. குறுவினாக்களுக்கு விடையளிக்க.
1. வாரிங்டனின் கலத்தில் நத்தைகள் செய்த பணி யாது?
2. ஸ்பாஞ்சு வடிகட்டியைக் குழாய்நீரில் அலசலாகாது. ஏன்?
3. வளர்ப்பு மீன்களை ஏரியில் விடுவது தீங்கானது என்பதை விளக்குக.

இ. கணக்கிட்டு எழுதுக.
உன் வீட்டு மூலையில் 45 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இடம் உள்ளது. 5 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியால் 30 சென்டிமீட்டர் உயரத் தொட்டி கட்ட வேண்டும். ஐந்து பலகைகளின் அளவுகளையும் படம் வரைந்து குறிக்க.

ஈ. பிரித்து எழுதுக.
1. நன்னீர் 2. தண்ணீர் 3. வெந்நீர் 4. முந்நீர்

உ. சிந்தித்து எழுதுக.
"தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு." இக்கூற்றை உன் வீட்டில் அல்லது தெருவில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பத்து வரிகளில் விளக்குக.

ஊ. கேட்டு அறிக.
உன் பெற்றோரின் அல்லது தாத்தா பாட்டியின் சொந்த ஊரில் இருந்த நீர்நிலையின் பெயர் யாது? அதனை அவ்வூரார் ஏரி, குளம், கண்மாய், ஊருணி என எச்சொல்லால் அழைத்தனர்? அதில் என்னென்ன மீன்கள் வாழ்ந்தன? கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் எடுத்துரைக்க.